கெட்ட பெயர் வாங்கிய தீவுகள்

சபாவின் செம்பொர்னாவுக்குப் போகலாம் என்று வீட்டில் யாராவது பேச்செடுத்தால் மூத்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் மறுப்பார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வேர்விட்ட குடும்பங்களில் இது இன்று பழகிப்போன வாதம். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஏர் ஏசியாவில் மலிவாக டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் மாபுல் தீவின் படத்தைக் கைப்பேசியில் காட்டுவார்கள்: கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகள், வீட்டுக்கு அடியில் நீந்தும் ஆமை. என் பெரியம்மா படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அங்கல்லாம் வேணாம்பா. ஆளத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க. டிவியில பாக்கலியா?"

பெரியம்மா சொல்லும் டிவிச் செய்தி 2000-ஆம் ஆண்டினுடையது. பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கித்தாக்காட்டு இருட்டுக்குள் தனியாளாக நிரை பிடித்துப் போனவர். காட்டுப்பன்றியும் பாம்பும் அவருக்கு அன்றாடம். அப்படிப்பட்டவர், தான் ஒருமுறைகூட மிதித்திராத ஒரு தீவை நினைத்து இத்தனை ஆண்டுகளாக அஞ்சுகிறார். அந்த அச்சத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. அதற்கு அடிப்படை உண்டு. அந்த அடிப்படை எவ்வளவு பாரம் தாங்கும், ஊரெல்லாம் பேசிய ஒரு குற்றத்துக்காக ஒரு தீவையே ஒதுக்கி வைப்பது சரிதானா என்பதைத்தான் யோசித்துப் பார்க்கிறேன்.

*

2000 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. தெற்கு பிலிப்பீன்சின் அபு சயாஃப் கும்பலைச் சேர்ந்தவர்கள் துப்பாக்கிகளோடு, செம்பொர்னாவுக்கு அப்பால் இருக்கும் சிப்பாடான் தீவில் வந்திறங்கினார்கள். அங்கிருந்து 21 பேரைப் பிடித்துப் படகில் ஏற்றி ஜோலோ தீவுக்குக் கொண்டுபோனார்கள். பத்துப் பேர் சுற்றுலாப் பயணிகள். ஜெர்மனி, பிரான்சு, பின்லாந்து, தென்னாப்பிரிக்கா, லெபனான் நாட்டவர்கள். மலேசியர் ஒன்பது பேர், பிலிப்பீனியர் இருவர். இந்தப் பதினொரு பேரும் பிழைப்புக்காகத் தீவில் இருந்தவர்கள். ஜோலோவின் காட்டு முகாமுக்குள் தொலைக்காட்சிக் கேமராக்கள் போயின. செய்தி சேகரிக்கப் போனவர்களில் சிலரும் பிடிபட்டார்கள். லிபியா நடுவில் நின்று பேரம் பேசியது. மாதக்கணக்கில் இழுத்த அந்தச் செய்தியில் சிப்பாடான் என்ற பெயர் உலகத்துக்கே பாடமாயிற்று. கடைசிக் கைதி வெளியே வந்தது 2003-இல். அவர் பிலிப்பீனியத் தொழிலாளி. அதற்குள் கேமராக்கள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டிருந்தன.

சம்பவம் அதோடு முடிந்திருந்தால் பெரியம்மாவிடம் வாதாடுவது சுலபம். முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பண்டானான் தீவிலிருந்து மூன்று மலேசியர்களைக் கடத்தினார்கள். 2013 நவம்பரில் போம் போம் தீவு விடுதியில் தைவான் நாட்டுப் பயணி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவியைத் தூக்கிச் சென்றார்கள். 2014 ஏப்ரலில் செம்பொர்னா விடுதி ஒன்றிலிருந்து சீனப் பயணி ஒருவரும் பிலிப்பீனியப் பணியாளர் ஒருவரும் பிடிபட்டார்கள். ஜூலையில் மாபுலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், இன்னொருவர் கடத்தப்பட்டார். 2015 மே மாதம் சண்டக்கானில் ஓர் உணவகத்திலிருந்து இருவரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. இந்த வரிசையைப் பார்த்துவிட்டு 2014-இல் செம்பொர்னா டிக்கெட்டை ரத்து செய்தவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே ஒரு கும்பல் இருந்தது, அதற்குப் படகும் ஆயுதமும் இருந்தன, கடத்தல் அதற்குத் தொழிலாக இருந்தது.

அதே வரிசையை இன்னொரு கண்ணோடும் பார்க்க வேண்டும். 2013-இல் தெற்கு பிலிப்பீன்சிலிருந்து ஆயுதக் குழு ஒன்று லகாட் டத்துவில் ஊடுருவிய பிறகு கிழக்குச் சபாவுக்கென்று எஸ்காம் என்ற பாதுகாப்புக் கட்டளையகம் உருவானது. 2014 ஜூலையிலிருந்து கடலில் இரவு ஊரடங்கு வந்து, பல ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. சிப்பாடானில் இருந்த விடுதிகளை அரசு 2004-ஆம் ஆண்டு முடிவில் அகற்றிவிட்டது; தீவைக் காப்பதற்காக எடுத்த முடிவு அது. இன்று அங்கே பயணிகள் இரவு தங்க முடியாது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டுக் கொடுத்து, பகலில் முக்குளிக்க விட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். 2023-இல், ஜோலோ தீவு இருக்கும் சூலு மாகாணம் அபு சயாஃப் இல்லாத மாகாணமாக அறிவிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு சிப்பாடானும் இன்றைய சிப்பாடானும் வரைபடத்தில் ஒரே புள்ளியில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

குற்றம் எவ்வளவு கொடூரமானது என்று கேட்பதால் பயணிக்கு ஒன்றும் விளங்காது. திரும்பத் திரும்ப நடந்ததா, செய்தவர்கள் இன்னும் அங்கே நடமாடுகிறார்களா, இடையில் என்ன மாறியது என்று கேட்டால்தான் விளங்கும். எங்கோ ஒருமுறை நடந்து, உலகமெல்லாம் பரவிய குற்றம் அந்த ஊரைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்வதில்லை.

*

இதைச் சொல்லும் தகுதி நெகிரி செம்பிலான்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. நம் ஊரே ஒருமுறை கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது.

2019 ஆகஸ்டில் சிரம்பானுக்கு அருகே பந்தாய் பகுதியில், பழத்தோட்டமும் காடுமாய் இருக்கும் டூசுன் என்ற விடுதிக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மறுநாள் காலையில் 15 வயது மகளைக் காணவில்லை. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை. போலீஸ், தீயணைப்புப் படை, ஹெலிகாப்டர், மோப்ப நாய், காட்டை அறிந்த ஓராங் அஸ்லிகள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். ஆகஸ்ட் 13-ஆம் நாள் உடல் கிடைத்தது. 2021 ஜனவரியில் மரண விசாரணை நீதிமன்றம் அதை விபத்து மரணம் என்றது. பெற்றோர் ஏற்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் சிரம்பான் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, மரணம் எப்படி நேர்ந்தது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் அங்கே குற்றம் நடந்தது என்றும் முடிவாகவில்லை, நடக்கவில்லை என்றும் முடிவாகவில்லை.

அந்த நாட்களில் பந்தாய் என்ற பெயர் லண்டன், டப்ளின், பாரிஸ் பத்திரிகைகளில் தினமும் வந்தது. "மலேசியக் காடு" என்று எழுதினார்கள். மாந்தினிலும் லாபுவிலும் இருப்பவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப்போகும் ஆற்றோரம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் போன் போட்டு, "உங்க பக்கம் பாதுகாப்புதானா?" என்று கேட்டபோது எங்களில் பலருக்குக் கோபம் வந்தது. ஒரு செய்தியை வைத்து எங்கள் ஊரை அளக்கிறார்களே என்ற கோபம். மகளைப் பறிகொடுத்த தாயிடம் அந்தக் கோபத்துக்கு இடமில்லை. அவருக்கு இந்த ஊர் எப்போதும் அந்த ஓர் இரவுதான். புள்ளிவிவரம் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் வாதாட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் செய்தியைத் தூரத்திலிருந்து படித்தவர்களிடம் நாம் எதிர்பார்த்த நியாயம் ஒன்று இருந்தது. அதே நியாயத்தைச் செம்பொர்னாக்காரன் நம்மிடம் எதிர்பார்க்கிறான். அவனுக்கு நாம் கொடுத்த பதில், "ஆளத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க."

அதற்கும் முன்பே, 1998-99-இல், போர்ட்டிக்சன் வட்டாரத்தின் புக்கிட் பெலாண்டோக்கில் பன்றிப் பண்ணைகளைச் சுற்றிக் காய்ச்சலில் ஆட்கள் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். மரணம் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் நோய் பன்றியிலிருந்து வருவது உறுதியாயிற்று. பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். சுங்கை நிப்பா என்ற சிற்றூரின் பெயர் உலக மருத்துவ நூல்களில் வைரஸின் பெயராக நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டு வாங்கவில்லை. அச்சம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அது தவறான இடத்தைக் குறிபார்க்கக்கூடும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி: கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த மாதங்களில்தான் பன்றி வண்டிகள் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தன.

*

விடுமுறைக்குப் போகிறவன் எதில் சாகிறான்? கடத்தலில் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மலேசியச் சாலைகளில் 2019-இல் மட்டும் 6,167 பேர் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 2013 ஆகஸ்டில் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு, கெந்திங்குக்குப் போகாதே என்று எந்தப் பெரியம்மாவும் சொல்லி நான் கேட்டதில்லை. 2025 ஜூனில் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இத்ரிஸ் கல்விப் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். விடுமுறை முடிந்து படிக்கத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். நாடே அழுதது. ஆனாலும் அடுத்த வாரம் நாம் எல்லோரும் பேருந்தில் ஏறினோம்.

கடலிலும் இதே கதைதான். 2018 ஜூலையில் புக்கெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து சீனப் பயணிகள் 47 பேர் இறந்தார்கள். கடல் கொந்தளிக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள்; படகு அதையும் மீறிக் கிளம்பியது. 2022 ஏப்ரலில் மெர்சிங் பக்கம் முக்குளிக்கப் போன நால்வரைக் கடல் இழுத்துக்கொண்டது. மூவர் மிதந்து பிழைத்தார்கள். 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை. இந்தச் செய்திகளில் வில்லன் கிடையாது. முகமூடி, துப்பாக்கி, பேரம் எதுவும் கிடையாது. அதனால் இவை மனதில் தங்குவதில்லை.

கிழக்குக் கரையில் ஒரு படகுத்துறை. எங்கள் கூட்டத்துக்கு ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள். வெயிலில் வெளுத்து, ஆரஞ்சு நிறம் போய், பழைய சாயச்சேலை மாதிரி இருந்தன. எனக்குக் கிடைத்ததில் இடுப்புக் கொக்கி உடைந்து, அதற்குப் பதில் ரஃபியா கயிற்றைக் கோத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கான அளவு இல்லை. ஏழு வயதுப் பையனுக்கும் பெரியவர் சட்டையே. அவன் தலை அதற்குள் அமிழ்ந்து, மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. தண்ணீரில் விழுந்தால் சட்டை மிதக்கும், பையன் கீழே நழுவுவான். எங்களில் ஒருவர்கூடக் கொக்கியைப் பற்றியோ பையனைப் பற்றியோ கேட்கவில்லை. எல்லோரும் படகுக்காரனிடம் கேட்ட ஒரே கேள்வி: "இங்கயும் செம்பொர்னா மாதிரி கடத்துவாங்களா?" அவன் சிரித்தான். இன்ஜினைக் கிளப்பினான்.

*

சில குற்றங்கள் மட்டும் ஏன் இப்படி ஊரறியப் பரவுகின்றன? கொடூரம் மட்டும் காரணமாக இருந்தால் தினமும் நூறு குற்றங்கள் பரவ வேண்டும். யாருக்கு நடந்தது என்பதுதான் செய்தியின் நீளத்தை முடிவு செய்கிறது. சிப்பாடானில் பிடிபட்டவர்களில் பாதிக்கு மேல் தொழில் பார்க்க வந்தவர்கள். உலகம் நினைவில் வைத்திருப்பது பயணிகளை. அபு சயாஃப் பின்னாளில் பிடித்துச் சென்றவர்களில் பலர் இழுவைப் படகிலும் மீன்பிடிப் படகிலும் கூலிக்கு இருந்த இந்தோனேசியர்கள். அவர்களுக்காக யாரும் விடுமுறையை ரத்து செய்யவில்லை.

தாய்லாந்தின் கோ தாவ் தீவில் 2014 செப்டம்பரில் பிரிட்டனைச் சேர்ந்த இளம் பயணிகள் இருவர் கொலையுண்டார்கள். "மரணத் தீவு" என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. சில வாரங்களில் கைதானவர்கள் மியன்மாரிலிருந்து கூலிவேலைக்கு வந்த இரு இளைஞர்கள். அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர்கள் சொன்னார்கள், போலீஸ் மறுத்தது. டிஎன்ஏ சான்றுகளைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. 2015 டிசம்பரில் இருவருக்கும் மரண தண்டனை. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020-இல் மன்னரின் கருணையால் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் பயணிகள் எல்லோரும் "நாம் அந்தத் தீவுக்குப் போகலாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தத் தீவை விட்டுப் போக வழியில்லாமல், அடுத்து யாரைப் பிடிப்பார்களோ என்று பயந்து கிடந்தவர்கள் அங்கே தட்டுக் கழுவிக்கொண்டும் கல் சுமந்துகொண்டும் இருந்தார்கள்.

லயத்தில் வளர்ந்தவனுக்கு இது புரியும். கிராணி வீட்டில் பொருள் காணாமல் போனாலும், ஸ்டோரில் ரப்பர் கட்டி குறைந்தாலும் முதலில் சோதனைக்கு வருவது லயத்து வீடுகள்தாம். இன்று நம் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். நாம் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டோம். பக்கத்தில் ஒரு வீடு உடைபட்டால், "கொங்சியில இருக்கிற அந்நியப் பயலுவதான்" என்று முதலில் சொல்வது சில சமயம் நாமாகவே இருக்கிறோம். நம்மைச் சுட்டிய விரல் கைமாறி வந்திருக்கிறது.

செம்பொர்னாவிலும் விரல் சுட்டப்படுகிறவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கடலில் வாழும் பஜாவ் லாவுத் மக்களில் பலருக்குக் குடியுரிமையும் இல்லை, பிறப்புப் பத்திரமும் இல்லை. 2024 ஜூனில் அவர்களுடைய வீடுகள் பலவற்றைச் சபா பூங்காத் துறை உடைத்தது. சட்டவிரோதக் கட்டுமானம் ஒரு காரணம், எல்லை தாண்டிய குற்றங்களும் பாதுகாப்பும் இன்னொரு காரணம் என்றார்கள். பெரியம்மாவை அஞ்ச வைத்த அதே செய்திகள் இங்கே வீட்டைத் தரைமட்டமாக்கும் நியாயமாகிவிட்டன. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்த தோட்டத்துக் கிழவர்களை அறிந்த நமக்கு, 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்தியாவுக்குக் கப்பலேறிய பல்லாயிரம் பேரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பத்திரம் இல்லாத மனிதனை எவ்வளவு எளிதில் சந்தேக நபராக்கலாம் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

*

பெரியம்மாவின் அச்சத்துக்குச் செய்தியைவிடப் பழைய வேர் ஒன்றும் உண்டு. பினாங்கில் இறங்கிய தோட்டத் தமிழர் பலர் இந்த நாட்டில் முதலில் மிதித்த மண் புலாவ் ஜெரெஜாக். கப்பலில் நோய் வந்திருக்கிறதா என்று பார்க்க அவர்களை அடைத்து வைத்த தீவு. பின்னால், 1969 முதல் 1993 வரை, அதே ஜெரெஜாக் கைதிகளின் தீவு. அப்புறம் அங்கே விடுதி கட்டி விருந்தினர்களை அழைத்தார்கள். நம் பாட்டன்மாருக்குத் தீவு என்றால் அடைபடும் இடம். அடுத்த தலைமுறைக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன். வருடத்தில் ஒருநாள் தோட்டத்தார் பேருந்து பிடித்து, புளிச்சோறும் கோழிப் பிரட்டலும் கட்டிக்கொண்டு தெலுக் கெமாங் போவார்கள். ஆண்கள் தண்ணீரில் இறங்குவார்கள். பெண்கள் புடவையோடு கணுக்கால் அளவு நனைத்துவிட்டுப் பாய் விரித்து உட்கார்வார்கள். நீச்சல் தெரிந்தவர் மிகக் குறைவு. அந்தக் கடலில் மூழ்கிச் செத்தவர்களும் உண்டு. அதற்காகத் தெலுக் கெமாங்கை யாரும் தள்ளி வைக்கவில்லை.

தள்ளி வைக்கப்படுவது பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் பயணந்தான் என்பதைக் கவனித்திருக்கிறேன். மகன் நண்பர்களோடு கிராபி போகிறான் என்றால், "பாத்துப் போடா." மகள் தோழிகளோடு போகிறாள் என்றால் சிப்பாடான், கோ தாவ், எங்கோ எப்போதோ நடந்த எல்லாம் வரிசையாக வந்து வாசலில் நிற்கும். அந்தப் பிள்ளை தோழிகளோடு போகக்கூடாது என்பது முன்பே முடிவானது; குற்றச் செய்தி அதற்குப் பூட்டு. பூட்டுப் போடுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்கட்டும்: ஐநா அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி 2023-இல் உலகில் கொலைசெய்யப்பட்ட 85,000 பெண்களில் 51,100 பேரைக் கொன்றவர்கள் அவர்களுடைய துணைவரோ குடும்பத்தாரோ. வீட்டுக்குள் அடைத்து வைப்பது எல்லாச் சமயத்திலும் காப்பாற்றுவதாகாது. பயணம் போகும் பெண்ணுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆபத்தை எடைபோடும் வயதும் அறிவும் அவளுக்கு இருக்கிறது. விசாரித்து முடிவெடுக்க வேண்டியவள் அவள்.

*

குற்றத்தால் தீவு ஒன்று சபிக்கப்பட்ட கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. லங்காவியின் மசூரி கதை தெரியாத மலேசியன் இல்லை. கணவன் போருக்குப் போயிருந்தபோது கள்ள உறவு என்று பழி சுமத்தி, அவளைக் கட்டிவைத்துக் குத்திக் கொன்றார்கள். வெள்ளை ரத்தம் பீறிட்டதாம். ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு விளங்காது என்று அவள் சபித்ததாகச் சொல்கிறார்கள். 1821-இல் சயாமியப் படை வந்து தீவை நாசமாக்கியதையும் சனங்கள் அந்தச் சாபத்தின் கணக்கில் எழுதினார்கள். 1987-இல் அரசு லங்காவியைத் தீர்வையற்ற தீவாக அறிவித்தது. விடுதிகள் பெருகின. இன்று மசூரியின் கல்லறைக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் நின்று படம் எடுக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் சாக்லேட்டும் பீங்கான் சட்டியும் வாங்கிவரும் தீவாகிவிட்டது அது.

பழிப் பேச்சைக் கேட்டு ஒரு பெண்ணைக் கொன்ற ஊருக்குக் கெட்ட பெயர் வந்தது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். கொன்றவர்கள் செத்த பிறகும் ஏழு தலைமுறை ஏன் அதைச் சுமக்க வேண்டும் என்று அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை. ஒரு தீவைப் புறக்கணிக்கும்போது தண்டனை போய்ச் சேர்வது கடத்தல்காரனிடமோ கொலைகாரனிடமோ அல்ல. படகோட்டியின் அன்றைய கூலியும், விடுதியில் விரிப்பு மாற்றும் பெண்ணின் வேலையும்தான் போகின்றன. அதற்காக ஆபத்தான இடத்துக்கு யாரும் தர்மத்துக்குப் போக வேண்டியதில்லை. உன் பிள்ளையின் உயிர் உனக்குப் பெரிது. ஆனால் ரத்து செய்வதற்கு முன், ஆபத்து இப்போதும் இருக்கிறதா என்று பார்க்கும் கடமையாவது உண்டு.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நடந்த குற்றத்துக்காக, அது எவ்வளவு பெரிய தலைப்புச் செய்தியாக இருந்தாலும், பயணத்தை மாற்ற வேண்டாம். ஒரே கடலில் ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது, செய்தவர்கள் பிடிபடவில்லை, அரசே போகாதே என்கிறது என்றால், தயங்காமல் மாற்றுங்கள். முன்பணம் போனால் போகட்டும். செம்பொர்னாவுக்குப் போகிறவர்கள் எஸ்காம் என்ன சொல்கிறது என்று அந்த வாரம் பாருங்கள், பத்து வருடத்துக்கு முந்தைய வாட்சாப் செய்தியைப் பார்க்காதீர்கள். இரவில் பேருந்து ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார் என்று கேளுங்கள். பருவக்காற்று மாதத்தில் படகுக்காரன் "ஒண்ணும் ஆகாது" என்றால் இறங்கிவிடுங்கள். கரையிலேயே மிதவைச் சட்டையின் கொக்கியை இழுத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பொருந்தும் சட்டை இல்லாத படகில் பிள்ளையை ஏற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள்.